கார் ஷெட் வொர்க் பெஞ்சுக்கு எந்தப் பலகை தாங்கும்?

வீடு கட்டி முடித்தபின் மிஞ்சிய கிரானைட் துண்டு, கழற்றிப் போட்ட பழைய கதவு, சென்டரிங் வேலையில் தப்பிய பலகை. பெரும்பாலான கார் ஷெட் மேசைகள் இவற்றில் ஒன்றை வைத்துத்தான் தொடங்குகின்றன. ஒரு மழைக்காலம் தாண்டியதும் குறை தெரியும்: கிரானைட்டில் விரிசல், கதவில் உப்பல், சென்டரிங் பலகையில் வளைவு. பலகை மோசம் என்று பழி போடுவோம். பலகை மோசமில்லை, அதற்குக் கொடுத்த வேலைதான் தவறு.

பெஞ்சின் மேல்தட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. பாரத்தையும் அடியையும் வளையாமல் தாங்குவது ஒன்று. கீறல், எண்ணெய், பெட்ரோல், சூடு இவற்றை வாங்கிக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே பொருள் நன்றாகச் செய்யும் என்று தேடுவதில்தான் பணமும் காலமும் போகின்றன. தாங்குவதற்கு ஒரு கனமான அடிப்பலகை, அடிவாங்குவதற்கு மாற்றக்கூடிய ஒரு மெல்லிய மேல்தோல் என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். கீழே சொல்வது 6 அடிக்கு 2 அடி பெஞ்சுக்கான கணக்கு. கார் ஒன்றும் பைக் ஒன்றும் நிற்கும் ஷெட்டில் சுவரோரமாக இந்த அளவுதான் வசதி.

முதலில் உங்கள் வேலையைப் பாருங்கள்

ஒரு மாதத்தில் அந்த மேசையில் என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பைக் செயின் கழுவுவது, கார்புரேட்டர் பிரிப்பது, பேட்டரி இறக்கி வைப்பது, பலகை அறுப்பது, சால்டரிங், எப்போதாவது வெல்டிங். இவற்றில் எது அதிகம் என்பதே மேல்தோலை முடிவுசெய்யும். அடிப்பலகை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எண்ணெய் வேலை அதிகமென்றால் இரும்புத் தகடு. மரவேலை அதிகமென்றால் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை அல்லது ஹார்டுபோர்டு. மின்சாதனம் பிரிப்பதென்றால் சன்மைக்காவோ ரப்பரோ, எக்காரணம் கொண்டும் வெற்று இரும்பு வேண்டாம். வயர் இரண்டு தகட்டில் பட்டால் ஷார்ட். கார் பேட்டரியை இரும்பு மேசையில் வைத்து வேலை செய்யும்போது ஒரு டெர்மினலின் வயர் தகட்டில் பட்டிருக்க, ஸ்பேனர் மற்ற டெர்மினலுக்கும் தகட்டுக்கும் நடுவே விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கலவையான வேலை என்றால் மேசையை இரண்டாகப் பிரியுங்கள்: வைஸ், அதாவது பொருளை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி, இருக்கும் பக்கம் 2 அடிக்கு இரும்பு, மீதி 4 அடிக்கு எம்.டி.எஃப்.

கிடைக்கும் பொருள்களும் அவற்றின் குணமும்

பிளைவுட்தான் அடிப்பலகைக்கு முதல் தேர்வு. 19 மி.மீ. கனத்தில் இரண்டு பலகையை ஒட்டினால் 38 மி.மீ. இந்தக் கனத்துக்கு ஐந்து அங்குல, ஆறு அங்குல வைஸ் எல்லாம் அசையாமல் நிற்கும். வாங்கும்போது மரைன் தரம், அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது. ‘710’ என்று அச்சடித்த சுமாரான பலகைகள் சந்தையில் நிறைய. ஐ.எஸ்.ஐ. குறியோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். பலகையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கறுப்பு ஓட்டைகள் தெரிந்தால் உள்ளே இன்னும் அதிகம் இருக்கும். மேலே விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடத்தில் ஒலி மாறும். முடிந்தால் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி, நாலைந்து மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். நல்ல பசையென்றால் அடுக்கு பிரியாது. வீட்டு அடுப்பில், சமையலுக்கு ஆகாத பாத்திரத்தில்.

8 அடிக்கு 4 அடி பலகை ஒன்றே நம் மேசைக்குப் போதும். நீளவாக்கில் நடுவே அறுத்து, ஒவ்வொன்றையும் 6 அடியில் வெட்டினால் இரண்டு மேல்பலகை. 2 அடி சதுரத்தில் இரண்டு துண்டு மிஞ்சும், அவை கீழ்த்தட்டுக்கு ஆகும். ரம்பம் 3 மி.மீ. வரை தின்னும், ஆகவே அகலம் சரியாக 2 அடி வராது, 608 மி.மீ. என்று கணக்கு வையுங்கள். கடையிலேயே மெஷினில் அறுத்துத் தரச் சொல்லுங்கள். முழுப் பலகை 40 கிலோவுக்குப் பக்கம் வரும், தனியாளாகத் தூக்கி வந்து கைரம்பத்தில் அறுத்தால் கோடு நேராக வராது.

பார்ட்டிக்கிள் போர்டை விட்டுவிடுங்கள். பழைய கம்ப்யூட்டர் மேசையின் தட்டு சும்மா கிடக்கிறதே என்று ஆசை வரும். ஈரம் பட்டால் பொரி போல ஊதும், ஸ்க்ரூ பிடிப்பும் நிற்காது. எம்.டி.எஃப். சமமானது, மலிவானது, மேல்தோலுக்கு நல்லது. ஆனால் அதுவே அடிப்பலகையானால் தண்ணீர் பட்ட விளிம்பு உப்பிவிடும், பாரத்தில் மெல்ல மெல்லத் தொய்யும்.

ஃப்ளஷ் டோர் எனப்படும் கதவு, உள்ளே கட்டைகள் நிரம்பியதாக இருந்தால், அவசரத்துக்கு உதவும். 30 மி.மீ.க்கு மேல் கனமிருக்கும், நேராகவும் இருக்கும். உள்ளே இருப்பது மெதுவான கட்டை என்பதால் வைஸ் போல்ட்டை இறுக்க இறுக்க வாஷர் உள்ளே அமுங்கும். அந்த இடத்தில் மேலும் கீழும் 6 மி.மீ. இரும்புத் தகடு வைத்தால்தான் நிற்கும்.

கட்டை மரப்பலகையில் மேசை போட ஆசைப்படுபவர்கள் உண்டு, தப்பில்லை. வேங்கை உறுதியானது, ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது. கன்னியாகுமரி, கேரளப் பக்கத்திலிருந்து வரும் ரப்பர் மரத் துண்டுகளை ஒட்டிய பலகை மலிவு, ஆனால் மருந்தேற்றியது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மருந்தேற்றாத ரப்பர் மரத்தை உளுத்துப்போகச் செய்யப் பூஞ்சையும் வண்டும் காத்திருக்கும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது காற்றில் உலர்த்துவதற்கான பழைய கணக்கு. பச்சையாக வாங்கி வந்தால் மேசையான பிறகு முறுக்கும். மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். ஆகவே கீழிருந்து போடும் ஸ்க்ரூ ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் 8 மி.மீ.க்கு 20 மி.மீ. நீள்துளையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பலகை பிளக்கும்.

பழைய கப்பல் கன்டெய்னரின் தரைப்பலகை 28 மி.மீ. பிளைவுட். துறைமுகப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைத்தால் அடிப்பலகைக்கு அருமை. ஒரு எச்சரிக்கை: பூச்சி வராமலிருக்க மருந்தேற்றிய பலகை அது. வருடக்கணக்கில் என்னென்ன சரக்கு அதன்மேல் கொட்டியதோ அதுவும் ஊறியிருக்கும். அறுக்கும்போது முகமூடி போடுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேலே தோல் போட்டு மூடிவிடுங்கள்.

இனி கல். கிரானைட்டுக்கு ஆசிட், எண்ணெய், சூடு எதுவும் பெரிய பொருட்டில்லை. ஆனால் சுத்தியல் அடி ஆகாது. 20 மி.மீ. கனத்தில் நம் அளவுக்கு 60 கிலோ வரும், கைதவறிய ஸ்பேனர் ஒன்று விளிம்பில் விழுந்தால் சில்லு தெறிக்கும். கீழே விழும் பாகமும் உடையும். கடப்பா கல்லோ இன்னும் மோசம். அது சுண்ணாம்புக்கல் வகை, பேட்டரி ஆசிட் ஒரு சொட்டு பட்டாலே பொங்கி வெள்ளைத் தழும்பு விழும். அலமாரித் தட்டுக்கு அது இருக்கட்டும்.

இரும்புத் தகட்டின் எடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 7.85 கிலோ. நம் மேசை 1.1 சதுர மீட்டர் சொச்சம். 3 மி.மீ. தகடு 26 கிலோ, 6 மி.மீ. தகடு 52 கிலோ. பிளைவுட் கீழே இருந்தால் 3 மி.மீ. தாராளம். பிளைவுட் இல்லாமல் சட்டத்தின்மேல் வெறும் 1.6 மி.மீ. தகடு போட்டுத் தருகிறேன் என்று பட்டறையில் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கை வைத்தால் தகரடப்பா போல ‘டொப்’ என்று உள்ளே போய் வரும், சுத்தியல் தட்டினால் தெரு முழுக்கக் கேட்கும்.

சட்டம் சரியில்லாமல் பலகை நிற்காது

40 மி.மீ. ஸ்கொயர் டியூப், 2 மி.மீ. கனம். மேல் சட்டம் 1.75 மீட்டர் நீளம், 53 செ.மீ. அகலம். பலகை நாலு பக்கமும் சற்று வெளியே நீளும், முன்பக்கம் 5 செ.மீ.யாவது நீளட்டும், கிளாம்ப் மாட்ட அது வேண்டும். நடுவே மூன்று குறுக்குத் தண்டு போட்டால் தாங்கல் 44 செ.மீ.க்கு ஒன்றாக விழும், 38 மி.மீ. பலகைக்கு இது போதும். கால்கள், கீழ்க்கட்டு எல்லாம் சேர்த்து 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகும். டியூப் 6 மீட்டர் நீளத்தில் வரும், வெட்டில் வீணாவதைச் சேர்த்து மூன்று வாங்கிவிட்டால் கீழ்த்தட்டுக்கும் ஆகிவிடும்.

உயரம் ஆளைப் பொறுத்தது. வைஸின் வாய் உங்கள் முழங்கை மட்டத்துக்கு வரவேண்டும் என்பது அரம் பிடிப்பவர்களின் கணக்கு. ஐந்தரை அடி ஆளுக்கு மேசை 85 செ.மீ. அளவில் இருந்தால் வைஸ் சரியாக அமையும். சட்டத்தின் உயரத்தை வெட்டும்போது பலகையும் தோலும் சேர்ந்த 44 மி.மீ., கால் போல்ட்டின் 30 மி.மீ. இரண்டையும் கழிக்க மறக்காதீர்கள்.

கால் போல்ட் எதற்கு? ஷெட் தரை ஒருபோதும் சமமாக இருக்காது. கழுவும் தண்ணீர் வெளியே ஓடவேண்டும் என்று கொத்தனார் கேட் பக்கம் வாட்டம் விட்டிருப்பார். ஒவ்வொரு கால் அடியிலும் எம்12, அதாவது 12 மி.மீ., நட்டு ஒன்றை வெல்டு வைத்து, அதில் போல்ட்டைத் தலைகீழாகத் திருகிவிட்டால் ரசமட்டம் வைத்து ஏற்றி இறக்கலாம். கால் தரையில் ஊறும் தண்ணீரிலிருந்தும் தப்பிக்கும்.

பலகையைப் பிடிக்க, சட்டத்தின் உள்பக்கம் 25க்கு 5 பட்டையில் 5 செ.மீ. துண்டுகள் எட்டு வெல்டு வைத்து, ஒவ்வொன்றிலும் துளை போடச் சொல்லுங்கள். துண்டு டியூபின் மேல்மட்டத்தைவிட ஒரு மயிரிழை கீழே இருக்கட்டும். மேல்மட்டத்தில் வெல்டிங் பொருக்குகளைக் கிரைண்டரால் ஒன்றுவிடாமல் தேய்த்துவிட வேண்டும். ஒரு பொருக்கு நின்றாலும் பலகை அதன்மேல் ஆடும். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் கட்டிப் பாருங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் சட்டம் முறுக்கில்லை. ஒரு நூல் மற்றதை அழுத்தினால், அந்த இரண்டையும் மேல்கீழாக மாற்றிக் கட்டி இன்னொருமுறை பார்த்துவிட்டு, கால் போல்ட்டில் சரி செய்யுங்கள். பலகை ஏறுவதற்கு முன்பே துருத் தடுக்கும் ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட்.

பலகையை ஒட்டுவது

இரண்டு பிளைவுட் துண்டுகளில் நல்ல முகங்கள் வெளியே இருக்கும்படி வைத்துப் பாருங்கள். மரப்பசை அரைக் கிலோ போதும், நீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். பல்லுள்ள கரண்டியால் ஒரு முகம் முழுக்கப் பரப்புங்கள். திட்டுத் திட்டாக ஊற்றி அமுக்கினால் நடுவில் காற்று நின்றுவிடும், பின்னால் அந்த இடம் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும்.

32 மி.மீ. ஸ்க்ரூ, 20 செ.மீ. இடைவெளியில், கீழ்முகத்திலிருந்து மேலே. நீளவாக்கில் பத்து, நாலு வரிசை, மொத்தம் நாற்பது. 38 மி.மீ. கனத்தில் 32 மி.மீ. ஸ்க்ரூ மேலே எட்டிப் பார்க்காது. இங்கே புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று: இரண்டு பலகையிலும் ஒரே சிறு துளை போட்டு முடுக்குவது. ஸ்க்ரூவின் புரி இரண்டு பலகையையும் பற்றிக்கொண்டு அந்த இடைவெளியை அப்படியே நிறுத்திவிடும், எவ்வளவு முடுக்கினாலும் ஒட்டாது. ஸ்க்ரூ தலை இருக்கும் பலகையில் 4.5 மி.மீ. துளை, அதில் ஸ்க்ரூ தாராளமாகப் போய்வர வேண்டும். மறுபலகையில்தான் 3 மி.மீ. துளை. நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு முடுக்கிக்கொண்டே போங்கள், பசை நாலு பக்கமும் பிதுங்கும். ஒருநாள் முழுக்கச் சமமான தரையில் கிடக்கட்டும். வளைந்த தரையில் காயவைத்தால் வளைந்தே காயும், பிறகு எந்தச் சட்டமும் அதை நிமிர்த்தாது.

காய்ந்ததும் விளிம்பை இழைத்து, பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு முறை விளிம்பில் பூசுங்கள். ஈரம் நுழையும் வழி அதுதான். முன்விளிம்பில் ஒரு கெட்டி மரச்சட்டம், 12 மி.மீ. கனம், பலகையைவிட மேல்தோலின் கனம் அளவுக்கு உயரமாக, ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். மேல்தோலின் முன்னோரம் பிய்யாமல் இது காக்கும். பக்கவாட்டில் சட்டம் வேண்டாம், தூளைக் கூட்டித் தள்ள வழி வேண்டுமே.

தோலைப் போர்த்துவது

எம்.டி.எஃப். 5.5 மி.மீ. அல்லது ஹார்டுபோர்டு 3 மி.மீ. ஒட்டவே கூடாது. மாற்றுவதற்காகத்தானே இந்த ஏற்பாடு. ஓரங்களில் ஆறு பித்தளை ஸ்க்ரூ, தலை நன்றாக உள்ளே பதியும்படி. பித்தளை ஏனென்றால், உளி தவறிப் பட்டால் இரும்பு ஸ்க்ரூ உளியின் வாயைக் கெடுக்கும். அடிப்பலகையில் பின்பக்க மூலையில் 20 மி.மீ. துளை ஒன்று விட்டுவையுங்கள். தோலை மாற்றும் நாளில் கீழிருந்து ஒரு கம்பால் நெம்பினால் எழும்பிவிடும், நகத்தால் சுரண்ட வேண்டாம்.

இந்தத் தோலுக்கும் மரச்சட்டத்துக்கும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று கை பூசலாம். வார்னிஷ், பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு பளபளப்பாகத் தெரியும், ஆனால் அடி விழுந்த இடத்தில் செதில் செதிலாகக் கிளம்பும், தின்னர் பட்டால் பிசுபிசுக்கும். எண்ணெய் பூசியதைத் தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம். இதில் மட்டும் அலட்சியம் கூடாது: ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காயும்போது எழும் சூடு சேர்ந்து சேர்ந்து துணி தானாகவே தீப்பிடிக்கும். பெட்ரோல் வண்டி நிற்கும் இடம் அது. துணியை வெளியே கொடியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிப் போடுங்கள்.

இரும்புத் தோல் என்றால், 3 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) தகட்டைப் பெண்டிங் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து முன்விளிம்பை மட்டும் 25 மி.மீ. கீழ்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். அப்போது முன்பக்க மரச்சட்டம் தேவையில்லை. மேசையின் ஒரு பகுதிக்கு மட்டும் தகடு என்றால், அந்த மரச்சட்டத்தை எம்.டி.எஃப். பகுதியோடு நிறுத்திவிடுங்கள். தகட்டின் அடிமுகத்தில் ரெட் ஆக்சைடும் எனாமலும் அடித்த பிறகே பலகைமேல் வையுங்கள். அடியில் ஈரம் தேங்கித் துரு உள்ளிருந்து வந்தால் மேலே தெரியும்போது காலம் கடந்திருக்கும். பசை வேண்டாம், தலை பதியக் கவுண்டர்சிங்க் போட்ட எம்6 ஸ்க்ரூ 30 செ.மீ.க்கு ஒன்று. மேல்முகத்துக்குப் பெயிண்ட் அடிப்பது வீண், பிரேக் ஆயில் பட்டால் உரிந்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று கேட்பார்கள். அதன்மேல் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை கிளம்பும், சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சல் நடுக்கம் வரலாம்.

சன்மைக்கா போடுவதானால் மங்கலான வகையை எடுங்கள், பளபள வகையில் விளக்கு கண்ணைக் கூசும், நட்டு உருண்டோடும். மேலே மட்டும் ஒட்டினால் பலகை ஒருபக்கமாக வளையும், அடிமுகத்திலும் ஒரு மெல்லிய தாள் ஒட்ட வேண்டும். ரப்பர் விரிப்பு என்றால் நைட்ரைல் வகை, 3 மி.மீ. சாதா ரப்பர் பெட்ரோலில் ஊறி வீங்கும்.

வைஸும் சுத்தியலும்

வைஸ் கால் இருக்கும் மூலையின் மேல் வரவேண்டும், நடுவில் வைத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் பலகை அதிரும். அசையாத தாடை மேசை விளிம்பைவிட சற்றே வெளியே நிற்கட்டும், நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க அதுதான் வழி. துளை போடும் முன் கீழே குனிந்து டியூப் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். எம்12 போல்ட், 80 மி.மீ. நீளம், அடியில் 6 மி.மீ. தகடு, ஸ்பிரிங் வாஷர். மர ஸ்க்ரூவில் வைஸ் மாட்டினால் ஆறு மாதத்தில் பிடுங்கிக்கொண்டு வரும்.

கனமான அடி எதையும் மேசையில் அடிக்காதீர்கள். கறிக்கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரி ஒரு புளியங்கட்டையைப் பக்கத்தில் போட்டுவிட்டால், பேரிங் தட்டுவது, பின் இறக்குவது எல்லாம் அதில் முடியும். மேசைக்கு வயது கூடும். தண்டவாளத் துண்டு அடைகல்லுக்கு நன்றாக இருக்கும்தான், ஆனால் ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முறையான ரசீது இல்லாமல் யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மேசைக்கும் சுவருக்கும் நடுவே 5 செ.மீ. இடம் விடுங்கள். பலகை சுவரைத் தொட்டால் கரையான் சுவர் வழியாகவே மேலேறிவிடும், இடைவெளி இருந்தால் மண்புற்று கண்ணில் படும். பேட்டரி வேலைக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. முதல் ஐப்பசி மழை முடிந்ததும் பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் எட்டு ஸ்க்ரூவையும் வைஸ் போல்ட்டையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், கால் சுற்றாவது இறங்கும். மேல்தோல் மிகவும் கெட்டுப்போனால் முதலில் திருப்பிப் போடுங்கள், எம்.டி.எஃப்.புக்கு இரண்டு முகம் உண்டு. ஹார்டுபோர்டுக்கு ஒரு முகம்தான் வழுவழுப்பு.